நல்ல மெஷின், நம்ப முடியாத ஆட்டோஃபோகஸ்

விலை இறங்கியிருக்கிறதே, என்னிடம் இருக்கும் இந்த லேசர் கட்டிங் மெஷினைத் தானும் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். லேசரை உண்டாக்கும் 60 வாட் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டியூப், 50.8 மி.மீ. குவியத்தூர லென்ஸ் என்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல நினைப்பது ஃபோகஸ் பற்றி மட்டும், அதாவது லேசர் கதிரைச் சரியான உயரத்தில் ஒரு புள்ளியாகக் குவிப்பது பற்றி.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்வது இப்படி: லேசர் தலையை ஒட்டியிருக்கும் ஊசியைப் பொருள் தொட்டதும், அதுதான் மேற்பரப்பு என்று கணக்குப் போட்டு மேசையின் உயரத்தை மெஷினே சரிசெய்துகொள்ளும். கெட்டியான அக்ரிலிக் என்றால் சரி. பத்திரிகை அட்டையோ, நடுவில் மேடாக வளைந்த 3 மி.மீ. பிளைவுட்டோ ஊசி பட்டதும் அமுங்கிவிடுகிறது. ஊசி விலகியதும் பழையபடி எழும்புகிறது, மெஷின் போட்ட கணக்குத் தப்பிவிடுகிறது. இந்த லென்ஸில் கூர்மை நிற்கும் ஆழமே ஏறக்குறைய 2 மி.மீ.தான். அதைத் தாண்டினால் கோடு தடிக்கும், ஓரம் கருகும், அடிப்பக்கம் வெட்டுப்படாது. உடனே பவரைக் கூட்டத்தான் கை போகும். அதனால் கருகல் கூடுவதோடு டியூபின் ஆயுளும் குறைகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உத்தரவாதத்தில் ஊசியை மாற்றித் தந்தார்கள். புது ஊசியும் அப்படியேதான் அமுக்குகிறது.

கையால் ஃபோகஸ் வைக்க, நாசிலுக்கும் (லேசர் வெளிவரும் முனை) பொருளுக்கும் உள்ள இடைவெளியை அளக்கக் கூடவே கொடுத்த அளவுக்கட்டையாவது சரியாக இருக்கிறதா? ஒரு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டின் ஒரு முனையை உயர்த்திச் சாய்வாக வைத்து, குறைந்த பவரில் நீளமாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். இரு முனையிலும் தடித்திருக்கும் கோடு, இடையில் ஓரிடத்தில் மயிரிழையாக மெலியும். நாசில் முனைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான ஃபோகஸ் தூரம். என் மெஷினில் கட்டை ஒன்றரை மி.மீ. தள்ளிக் காட்டியது. மெலிந்த இடமே பிடிபடவில்லை என்றால் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள்: அழுக்குப் படிந்திருக்கலாம், அல்லது மேல்நோக்கி இருக்கவேண்டிய குவிந்த பக்கம் கீழே இருக்கலாம்.

இன்னொன்று, எழுத்துப் பொறிக்க ஃபோகஸ் மேற்பரப்பிலேயே இருக்கவேண்டும், 8 மி.மீ. அக்ரிலிக்கை அறுக்க 2 அல்லது 3 மி.மீ. உள்ளே இறங்கவேண்டும். இல்லாவிட்டால் வெட்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் சரிந்துவிடும். மேற்பரப்பு மட்டுமே தெரிந்த ஊசிக்கு இந்த வேலை வராது. இதற்காகவே படிப்படியாக உயரம் மாறும் அளவுக்கட்டை ஒன்றை அதே மெஷினில் வெட்டி வைத்திருக்கிறேன். அதை வைத்து ஃபோகஸ் பிடித்த பிறகு வந்த ஓரங்களுக்குப் பாலிஷே தேவைப்படவில்லை. கையால் தடவிப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நியாயமாகச் சொன்னால், டியூப், லேசர் தலை நகரும் தண்டவாளம், மோட்டார் எதிலும் குறையில்லை. ஆர்டர் குவிந்த நாட்களிலும் சளைக்காமல் ஓடியிருக்கிறது. இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த ஊசியைக் காட்டித்தானே இவ்வளவு விலை வைத்தார்கள்? மேசையைக் கையால் திருகி ஏற்றி இறக்கும் சாதாரண மாடல் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.