7×57-க்கு ஒரு பழைய மவுசர் ஆக்‌ஷன்: ஒன்பது வருஷத்துக்குப் பிறகு

இந்த ரைஃபிள் என் கைக்கு வந்த வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. ஒன்பது வருஷம் நியூசிலாந்தின் தென்தீவில் மழை, ஆற்று மணல், பனி என்று எல்லாவற்றிலும் சுமந்து திரிந்த பிறகுதான் எதில் பணம் போட்டது சரி, எதில் ஏமாந்தேன் என்று சொல்லத் தெம்பு வந்திருக்கிறது.

நான் இருப்பது கிரைஸ்ட்சர்ச்சில். இங்கே வேட்டை என்பது நம் ஊரில் நினைப்பது போலக் களவு வேலை இல்லை. மான் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. பெருகிப்போய்க் காட்டையே மேய்ந்து தீர்ப்பவை. துப்பாக்கி லைசென்ஸும் வனத்துறை அனுமதிச் சீட்டும் இருந்தால் பொதுக் காட்டில் செம்மான் சுடலாம், எத்தனை என்று கணக்கில்லை. 1904-ல் மவுண்ட் குக் பக்கம் விடப்பட்ட இமாலயத் தார் ஆடு நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு. அங்கே வரையாட்டைத் தொட்டால் ஜெயில். இங்கே அதன் சொந்தக்காரனை அரசாங்கமே ஹெலிகாப்டர் வைத்துக் குறைக்கிறது. முதல் தாரைத் துப்பாக்கியின் தொலைநோக்கியான ஸ்கோப்பில் பார்த்தபோது கை கொஞ்சம் தயங்கியது என்னவோ உண்மை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆக்‌ஷன் என்பது ரைஃபிளில் பேரல் என்கிற குழல், தோளில் வைக்கும் கட்டை, ஸ்கோப் மூன்றையும் கழித்தால் மிஞ்சுகிற இயந்திரம்: பேரல் பொருந்தும் கூடான ரிசீவர், அதற்குள் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைப் பூட்டும் போல்ட், கீழே தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டி, விசை. தனியாகச் செய்யச் சொல்லும் ரைஃபிளில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஆனால் அதற்கும் முன்னால் தோட்டா முடிவாகியிருக்க வேண்டும். நான் 7×57 என்று பிடிவாதமாக இருந்தேன். 1892-ல் ஜெர்மனியின் மவுசர் கம்பெனி கொண்டுவந்த தோட்டா; 7 மி.மீ குண்டு, 57 மி.மீ நீளக் கூடு. லண்டன் ரிக்பி கம்பெனி இதையே .275 என்று பெயர் மாற்றி விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த ரைஃபிளும் அந்த .275 தான். உதை குறைவு, சத்தம் குறைவு, 250 மீட்டருக்குள் செம்மானுக்குத் தாராளம்.

இதே வேலையை 1980-ல் வந்த 7 மி.மீ-08 தோட்டா இன்னும் எளிதாகச் செய்யும். அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிடித்தத்துக்குக் கொடுத்த விலைதான் இந்தக் கட்டுரை முழுக்க.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. முழுத் தோட்டாவின் அதிகபட்ச நீளம் 7×57-க்கு 78 மி.மீ. இன்றைய ஆக்‌ஷன்கள் பெரும்பாலும் இரண்டே அளவில் வருகின்றன. குட்டை ஆக்‌ஷன் .308 தோட்டாவுக்கானது, சுமார் 71 மி.மீ. நெடிய ஆக்‌ஷன் .30-06-க்கானது, சுமார் 85 மி.மீ. நம் தோட்டா சரியாக நடுவில் மாட்டிக்கொள்கிறது. குட்டையில் போட வேண்டுமானால் குண்டைத் தோட்டாவுக்குள் ஆழமாக அழுத்த வேண்டும். வெடிமருந்துக்கு இருக்கும் இடம் போய்விடும். நெடியதில் போட்டால் வேலை செய்யும், பல பேர் செய்கிறார்கள். ஆனால் முன்னால் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு உதைக்கும் பெட்டிக்குள் இருக்கும் தோட்டாக்கள் முன்னே நழுவி மூக்கை இடித்துக்கொள்ளும். நான்காவது தோட்டாவை வெளியே எடுத்தால் ஈய முனை சப்பையாக இருக்கும்.

ரெமிங்டன் 700-ஐத்தான் முதலில் யோசித்தேன். 1962-லிருந்து வருகிறது, உருண்டை ரிசீவர், கடைசல் வேலைக்குச் சுலபம், துப்பாக்கி செய்து பழுது பார்க்கும் எந்த ஊர் கன்ஸ்மித்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். துல்லியம் ஒன்றுதான் குறி என்றால் இதோடு கதை முடிந்தது. வின்செஸ்டர் மாடல் 70-ல் 1964-க்கு முந்தியவை மனசுக்குப் பிடித்தன, விலை பிடிக்கவில்லை. ரூகர் 77 நல்ல உழைப்பாளி. ஆனால் முன் ஸ்க்ரூ சாய்வாகப் போவதால் கட்டையில் பொருத்துவது தனிக் கலை என்று இரண்டு பேர் சொன்னார்கள், விட்டுவிட்டேன்.

மிஞ்சியது மவுசர் 98, அதாவது 1898 மாடல். அதிலும் ஒரு குறிப்பிட்ட 98.

இதை வடிவமைத்த பால் மவுசர் மேகசின் பெட்டியை ஏதோ ஒரு டப்பாவாகச் செய்யவில்லை. இரண்டு வரிசையாக மாறி மாறி உட்காரும் தோட்டாக்கள் 60 பாகைக் கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய வேண்டும். அதற்குப் பெட்டியின் அகலம் தோட்டாவின் அடி விட்டத்தைப் போல 1.866 மடங்கு இருக்க வேண்டும். 7×57-ன் அடி 12 மி.மீ; பெட்டியின் பின்பக்கம் 22.4 மி.மீ. முன்னால் தோட்டா ஒடுங்குவதற்கேற்பப் பெட்டியும் ஒடுங்கும். அகலம் கூடினால் தோட்டாக்கள் ஆடும், குறைந்தால் ஒன்றோடொன்று இறுகும். பழைய ராணுவ மவுசர்கள் வழவழவென்று தோட்டாவை ஊட்டுவதன் ரகசியம் இதுதான். வேறு தோட்டாவுக்கு மாற்றியவர்கள் "மவுசரா? தோட்டா சிக்கும்ப்பா" என்று சொல்வதன் ரகசியமும் இதுதான்.

ஆகவே நான் தேடியது பிறவியிலேயே 7×57-ஆக இருந்த ஒரு 98-ஐ. பிரேசில் ராணுவத்துக்காக பெர்லினின் டிடபிள்யூஎம் ஆயுதக் கம்பெனி செய்த 1908 மாடல் அப்படிப்பட்டது. ஸ்பெயினின் 1893 மாடலும் 7×57 தான், விலையும் மலிவு. ஆனால் அதில் 98-ல் இருக்கும் மூன்றாவது பாதுகாப்பு லக் (போல்ட்டை ரிசீவருக்குள் பூட்டி நிறுத்தும் முட்டு) கிடையாது. தோட்டா கிழிந்தால் வாயு முகத்துக்கு வராமல் திருப்பிவிடும் ஏற்பாடும் குறைவு. கண் இரண்டுதான் இருக்கிறது, வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

முதலில் வாங்கிய ஆக்‌ஷன் தண்டம். ஒரு கடையில் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள், மயங்கிவிட்டேன். கன்ஸ்மித் அதைக் கழற்றி ரிசீவருக்குள் விளக்கடித்துக் காட்டினார்: போல்ட்டின் லக்குகள் முட்டி நிற்கும் இடத்தில் மெல்லிய பள்ளம். அந்தக் காலத்து எஃகு உள்ளே மென்மை, மேல்தோல் மட்டும் கடினம். தோலின் கனம் குறைவாக இருந்தாலோ, யாரோ அதைத் தேய்த்து எடுத்திருந்தாலோ, ஒவ்வொரு வெடிக்கும் லக் கொஞ்சம் கொஞ்சமாக எஃகில் அமிழும். தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடும். ஒருநாள் தோட்டா கிழியும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். அது இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இரண்டாவதாக, தெரிந்த ஒரு பெரியவரிடமிருந்து 1908 பிரேசில் கிடைத்தது. பேரல் தேய்ந்து போயிருந்தது. கட்டையை யாரோ அறுபதுகளிலேயே அறுத்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் மனசாட்சி உறுத்தாமல் வாங்கினேன். முத்திரை எல்லாம் அழியாமல் முழுசாக இருக்கும் பழைய ரைஃபிளை இதற்காக வெட்டாதீர்கள், தயவுசெய்து. இந்த முறை பணம் கொடுப்பதற்கு முன்பே கடினத்தன்மையைச் சோதித்துப் பார்த்தாயிற்று.

பழைய ஆக்‌ஷன் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும். அதை வெட்டி வளைந்த ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். மேலே கொடி மாதிரி நிற்கும் சேஃப்டியும் இடிக்கும். அதற்குப் பதில் மாடல் 70 பாணியில் பக்கவாட்டில் அசையும் மூன்று நிலை சேஃப்டி. ஸ்கோப் தாங்கிக்குத் துளை போட வேண்டும், ரிசீவரின் பின் பாலத்தில், தோட்டாக் கோர்வையான கிளிப்பைச் செருகும் மேட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும், ராணுவ விசையை மாற்ற வேண்டும். பேரலின் பின்முகம் ரிசீவருக்குள் இருக்கும் உள்வளையத்தில் சரியாக முட்டி நிற்க வேண்டும் என்பதால் அதற்கும் நேரக் கூலி. கூட்டிப் பார்த்தால், ஆக்‌ஷனுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு அதை ஆக்‌ஷனாக்கக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொகைக்கு புத்தம்புது டிக்கா ரைஃபிளையே ஸ்கோப்போடு வாங்கியிருக்கலாம்.

சரி, காட்டில் எப்படி?

98-ன் பெருமையாக எல்லோரும் சொல்வது, நகம் மாதிரி நீண்ட எக்ஸ்ட்ராக்டர் தோட்டாவைப் பெட்டியிலிருந்து மேலே வரும்போதே பிடித்துக்கொள்ளும் என்பது. பாயும் எருமைக்கு முன்னால் பதற்றத்தில் போல்ட்டைப் பாதி இழுத்துத் தள்ளினாலும் இரண்டு தோட்டா சிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் நியூசிலாந்தில் எந்த மானும் என்மேல் பாய்ந்ததில்லை. ஒன்பது வருஷத்தில் அந்த வசதி என் உயிரைக் காத்த கதை ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பயன்பட்டது அதன் இன்னொரு குணம். காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் இதில் ஸ்பிரிங் வைத்த ரகம் இல்லை. ரிசீவரில் நிலையாக நிற்கும் ஒரு தகடு. போல்ட்டை வேகமாக இழுத்தால் காலித் தோட்டா தூர விழும். மெதுவாக இழுத்தால் விரலுக்குள் வந்து உட்காரும். 7×57 காலித் தோட்டா இந்த ஊர்க் கடைகளில் அடிக்கடி கிடைப்பதில்லை, நானே மறுபடி நிரப்பிக்கொள்கிறவன். நண்பனின் 700 தன்னுடையதை டஸ்ஸக் என்கிற கொத்துப் புல்லுக்குள் வீசிவிட்டு நிற்கும்போது நான் என்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

இரண்டாவது, இடதுபக்கச் சுவரில் இருக்கும் கட்டைவிரல் வெட்டு. சிப்பாய்கள் கிளிப்பிலிருந்து தோட்டாக்களை அழுத்தி இறக்க வைத்தது. அழகு கெடுகிறது, ரிசீவர் பலம் குறைகிறது என்று பலர் அதைப் பற்றவைத்து மூடுவார்கள். நானும் மூடச் சொன்னேன், காசு பற்றாமல் விட்டேன். இங்கே நடக்கும்போது சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், தோட்டா வைப்பதில்லை. பெட்டி நிறைய இருக்க, மேல் தோட்டாவை விரலால் அழுத்திக்கொண்டு போல்ட்டைக் காலியாக மூட வேண்டும். ஜூலைக் குளிரில் விறைத்த விரலுக்கு அந்த வெட்டு கொடுக்கும் இடம் இருக்கிறதே, அது சொர்க்கம்.

அசடு வழிந்த கதையும் ஒன்று. ரங்கிடாட்டா பள்ளத்தாக்கில், பெட்டி காலி, அவசரத்தில் ஒரு தோட்டாவை நேராகச் சேம்பருக்குள் போட்டு போல்ட்டைத் தள்ளினேன். மூடவில்லை. எக்ஸ்ட்ராக்டர் தோட்டாவின் விளிம்பைத் தாண்டி ஏறவே இல்லை. தார் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு மேடேறிப் போனது. 98-ல் தோட்டாவைப் பெட்டி வழியாகத்தான் ஊட்ட வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் முனையைக் கொஞ்சம் சரிவாக்கினால் ஏறும் என்றார் கன்ஸ்மித், பிறகு அதையும் செய்தாயிற்று.

ஹுருநுயி ஆற்றைக் கடக்கும்போது ஒருதரம் ரைஃபிளோடு விழுந்தேன். போல்ட் முழுக்க மணல். சேஃப்டியை நடு நிலையில் வைத்து, பின்பகுதியைக் கையாலேயே திருகிக் கழற்றி, துடைத்து மாட்ட ஐந்து நிமிடம். ஒரு கருவியும் வேண்டாம். கூட வந்த அக்கா மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, திறந்து வெச்சா லொடலொடன்னு ஆடுது, மூடினா மட்டும் எப்படி அசையாம நிக்குது?" என்றான். அந்த ஆட்டத்தால்தான் மணலும் பனியும் சிக்காமல் ஓடுகிறது என்பது என் பதில். முழுப் பதிலா என்று தெரியாது.

துல்லியம்? 100 மீட்டரில் மூன்று குண்டு 30 மி.மீ-க்குள், நல்ல நாளில் 25. இதில் ஆக்‌ஷனுக்குப் பங்கு கொஞ்சம்தான். பேரலும் கட்டையில் பொருத்திய விதமும்தான் பேசுகின்றன. இரண்டாம் வருஷம் மேற்குக் கரை மழையில் வால்நட் கட்டை ஊறி, குண்டு 6 செ.மீ இடப்பக்கம் போக ஆரம்பித்தது. எபாக்ஸி போட்டு, ஸ்க்ரூவுக்கு உலோகக் குழாய் வைத்த பிறகு நகரவில்லை. துரு மட்டும் தீராத தொல்லை. காட்டிலிருந்து வந்ததும் குளிப்பதற்கு முன் ரைஃபிளுக்கு எண்ணெய், இது வீட்டில் சட்டம்.

மறுபடி செய்தால் ராணுவ ஆக்‌ஷனைத் தொட மாட்டேன். போருக்குப் பிறகு பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி வேட்டைக்காகவே செய்த 98 ஆக்‌ஷன், துளைகள் போட்டதாகக் கிடைத்தால் அதை வாங்கி, பெட்டியை மட்டும் 7×57-க்கு மாற்றச் சொல்வேன். கட்டைவிரல் வெட்டு இருக்காது. அது ஒன்றுதான் வருத்தம்.

போன மாதம் அக்கா மகனுக்கு லைசென்ஸ் வந்தது. "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்க மாமா" என்றான். டிக்கா வாங்கச் சொல்லியிருக்கிறேன்.