கரகமா, நாதஸ்வரமா?

போட்டியில் பிறக்கும் காதலுக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘கரகாட்டக்காரன்’ (1989) இரண்டுமே நல்ல உதாரணம். இரண்டிலும் காதலைவிட வீம்புதான் முன்னால் நிற்கும்.

முதல் படத்தில் ‘நலந்தானா’ பாட்டைப் பாருங்கள். காயம்பட்ட சிவாஜி நாதஸ்வரம் வாசிக்க, பத்மினி ஆடிக்கொண்டே கண்ணால் நலம் விசாரிப்பார். சபை முழுக்க உட்கார்ந்திருக்கும். பேச்சோ அவர்கள் இருவருக்குள் மட்டும். திரைக்குப் பின்னால் உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ படமோ ஊர்த் திருவிழா. வெவ்வேறு ஊர்க் கரகாட்டக்காரர்கள், ராமராஜனும் கனகாவும். இளையராஜாவின் ‘மாங்குயிலே’ கேட்டால் கால் தானாக ஆடும். அப்புறம் அந்தத் தீமிதி!

குடும்பத்தோடு கொண்டாட இரண்டாவது. காதலுக்கு, என் ஓட்டு மோகனாவுக்கே.