மைக் செட் மேசையில் நானே கட்டிய பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை

மானூர்ப் பக்கத்தில் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும் எனக்கு, ஒலிச் சிக்னலைப் பெருக்கும் 4558 ஐசி உள்ள டோன் போர்டுகளைத் (பாஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் போர்டுகள்) தனியே கழற்றிச் சோதிக்க, பிளஸ் 12, பூஜ்யம், மைனஸ் 12 ஆகிய மூன்றையும் தரும் சப்ளை ஒன்று தேவைப்பட்டதால், 2021இல் அதை நானே கட்டினேன். டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ், பக்கத்துக்கு ஒரு 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் 12 வோல்ட்டை நிலையாக வைக்கும் 7812 ரெகுலேட்டர், மைனஸ் 12 வோல்ட்டை நிலையாக வைக்கும் 7912 ரெகுலேட்டர் ஆகியவையே அதன் உறுப்புகள்.

முதலில் 12-0-12 டிரான்ஸ்பார்மரை, அதாவது நடுக் கம்பிக்கு இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவதை, போட்டது தவறு. வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 12.5 வோல்ட்டுதான் நிற்கும். 7812 சீராக வேலை செய்ய, தான் தரும் வோல்ட்டேஜைவிட இரண்டு வோல்ட்டாவது கூடுதலாக உள்ளே வர வேண்டும். அது கிடைக்காததால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் அப்படியே வெளியே வந்தது. கோயில் கொடைக்குப் போக வேண்டிய ஒரு செட்டில், இல்லாத பழுதைப் போர்டில் தேடி ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். 15-0-15க்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மின்சாரம் 250 வோல்ட்டுக்கு ஏறும் இரவுகளில் கெப்பாசிட்டரில் 22 வோல்ட்டுக்கு மேல் நிற்பதால், 25 வோல்ட் கெப்பாசிட்டரை நம்பாமல் 35 வோல்ட் உள்ளதையே போட வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது 7912இன் முதுகுத் தகடு. 7812இன் தகடு கிரவுண்டோடு சேர்ந்தது. 7912இன் தகடோ உள்ளே வரும் மைனஸோடு சேர்ந்தது. இரண்டையும் சூடு தணிக்கும் ஒரே அலுமினியத் தகட்டில், இடையே மின்சாரம் கடத்தாத மைக்கா வில்லை இல்லாமல் முறுக்கிய அன்று, சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்பார்மர் உறுமி, பியூஸ் போனது. மைக்காவோடு, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும்; மறுமுறை அதை விட்டதால் ஸ்க்ரூ வழியே மீண்டும் ஷார்ட் ஆனது. இப்போது பவர் கொடுக்கும் முன் அலுமினியத் தகட்டுக்கும் 7912இன் முதுகுத் தகட்டுக்கும் இடையே மீட்டர் வைத்து, பீப் வரவில்லை என்று பார்த்துக்கொள்கிறேன். கால் வரிசையும் இரண்டுக்கும் வேறு: 7812இல் முதல் கால் இன்புட், 7912இல் முதல் கால் கிரவுண்ட்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எல்ஈடி வைத்தது மிகவும் பயன்பட்டது. சப்ளையின் ஒரு பக்கம் மட்டும் செத்தால், போர்டில் உள்ள 4558 ஐசியின் அவுட்புட் மறுபக்க வோல்ட்டேஜை ஒட்டியே நின்றுவிடும். எல்ஈடி அணைந்திருப்பதைக் கண்டால் ஐசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை மாற்றியவை தளர்ந்துபோன இரண்டு சாக்கெட்டுகள் மட்டுமே. நேற்றும் அளந்தேன்: பிளஸ் 11.9, மைனஸ் 12.1.