உரிமத்துக்கென்று 1,400 வெள்ளி வாங்கினார், உரிமம் வாங்கவில்லை

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். 12 கணினிகள். போன வருடம் எல்லாவற்றையும் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவுக்கு மாற்ற முடிவு செய்தபோது, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கணினி அமைத்துத் தரும் இந்த ஆள் வந்தார். "எல்லாத்தையும் பேக்கேஜா கட்டித் தர்றேன் அக்கா, புதுசா கணினி வாங்கினாலும் ஒரே ஒரு வரி தட்டினா போதும்" என்றார். பேக்கேஜ் என்றால் மென்பொருளை நிறுவத் தயாராகக் கட்டி வைத்த கோப்பு. மொத்தம் 3,600 வெள்ளி. அதில் "உரிமம், பேக்கேஜிங்" என்று தனி வரியில் 1,400 வெள்ளி. உரிமத்தையும் அவரே வாங்கித் தருகிறார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் 13ஆவது கணினி வாங்கினோம். அன்று அந்தப் பேக்கேஜ்கள் இருக்கும் அவருடைய சர்வர் வேலை செய்யவில்லை. எங்களிடம் வேலை பார்க்கும் தம்பி, "உபுண்டுவிலேயே இருக்குக்கா" என்று உரிமக் கட்டுப்பாடுள்ள மென்பொருள்களுக்கான மல்டிவெர்ஸ் பகுதியிலிருந்து வர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் பேக்கைப் போடத் தொடங்கினான். வர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள், எக்ஸ்டென்ஷன் பேக் அதற்கான கூடுதல் வசதிகள். நீளமான உரிம ஒப்பந்தம் ஒன்று திரையில் வந்து நின்றது. ஏற்கிறீர்களா, இல்லையா? அவர் இதையே போட்டுக் கொடுத்த மற்ற 12 கணினிகளில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். வர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருவது, அலுவலகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல. சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் சோதித்துப் பார்க்கவும் மட்டும்தான் அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. வியாபாரத்துக்கு என்றால் பணம் கட்ட வேண்டும். வாங்கியவர் அதைப் பிறருக்கு விநியோகிக்கவும் முடியாது. அதனால்தான் உபுண்டு தரும் பேக்கேஜுக்குள் அந்த மென்பொருளே இருப்பதில்லை. ஆரக்கிளின் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கும், அதுவும் நம் சம்மதத்தைக் கேட்ட பிறகுதான் இறக்கும்.

அவர் போட்டுக் கொடுத்த ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருக்களின் கதையும் இதேதான். மூலக் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே கொடுக்கத்தான் மைக்ரோசாஃப்ட் அனுமதித்திருந்தது. இவர் பிரித்தெடுத்து, தன் பேக்கேஜுக்குள் திணித்து, எனக்கு விற்றிருக்கிறார்.

தெரியாமல் செய்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தம்பி அவருடைய பேக்கேஜ்களைத் திறந்து காட்டினான். உபுண்டு பேக்கேஜின் வரிகள் அப்படியே இருந்தன, சம்மதம் கேட்கும் பகுதியை மட்டும் காணோம். ஒவ்வொரு பேக்கேஜிலும் இருக்க வேண்டிய காப்பிரைட் கோப்பும் இல்லை. நான் படித்திருக்க வேண்டியதை நான் பார்க்காதபடி எடுத்துவிட்டு, அதற்கே 1,400 வெள்ளி வாங்கியிருக்கிறார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. வாடிக்கையாளர் கணக்கில் ஒரு ரசீது குறைந்தாலும் கேள்வி கேட்கிறவள் நான்.

போன் செய்தேன். "அதெல்லாம் யாரும் வந்து பார்க்க மாட்டாங்க அக்கா, நிறைய ஆபீஸுக்கு இப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. விலைப்பட்டியலும் அந்தத் தனி வரியும்தான் என் ஆதாரம். முதல் கலந்தாய்விலேயே 1,400 வெள்ளியை இரண்டு தவணையில் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். ஒரு தவணை வந்திருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் பேக்கை எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்துவிட்டோம். அது இல்லாமலே எங்கள் வேலை நடக்கிறது. ஏரியலுக்குப் பதில் லிபரேஷன் என்ற இலவச எழுத்துரு. எழுத்தின் அகலம் ஒன்றேதான் என்பதால் பழைய கடிதங்களில் வரிகள் கலையவில்லை.

அந்த "நிறைய ஆபீஸ்" யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி யாராவது பேக்கேஜ் கட்டிக் கொடுத்திருந்தால், யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் டாக், அதில் அந்தப் பேக்கேஜின் பெயரில் உள்ள அடைவைத் திறந்து பாருங்கள். காப்பிரைட் கோப்பு இல்லையென்றால் உரிமம் வாங்கிய ரசீதை இன்றே கேளுங்கள், எழுத்தில்.