மீன்பிடி ராடுக்கு நூல் சுற்ற: பழைய கைச்சட்டமா, புதிய மோட்டார் கருவியா?

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் மீன்பிடி ராடில் தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை (கைடு) நூல் சுற்றிப் பொருத்துவதற்கான இரண்டு கருவிகள் இரண்டு ஆண்டுகளாக அருகருகே இருந்தன. ஒன்று, கால் பெடலை மிதித்தால் ராடைத் தானே சுழற்றித் தரும் புதிய மோட்டார் கருவி. மற்றொன்று, பெரம்பூரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது 1,800 ரூபாய்க்கு வாங்கிய பழைய கைச்சட்டம். கனமான ஒரு மரப்பலகை, ராடைத் தாங்குவதற்குக் கவட்டை போலப் பிளந்த இரண்டு தாங்கிகள், முன்புறம் ஓர் இரும்புக் கம்பி, அந்தக் கம்பியின்மேல் இடமும் வலமும் நகரும் நூல் தாங்கி, இவ்வளவுதான் அது. ராடைச் சுழற்றுவது நம் விரல்கள். சென்ற தை மாதம் மோட்டார் கருவியை விற்றுவிட்டேன். ஏன் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

வேகத்தில் மோட்டார் முந்துகிறது, விலையில் கைச்சட்டம் முந்துகிறது, அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டுக்கும் ஒன்றுதான். இவற்றைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது நூலின் இறுக்கமும், அந்த இறுக்கத்தைத் தரும் பாகம் பழுதானால் அதை இந்தப் பகுதியிலேயே சரிசெய்துகொள்ள முடியுமா என்பதும்தான்.

கைடின் காலை, ராடின் வெறும் தண்டான பிளாங்கோடு சேர்த்துச் சுற்றும்போது, மெல்லிய ஏ அளவு நூலானால், ஒரு விரற்கடை நீளத்துக்கே நூறு சுற்றுக்கு மேல் விழுகிறது. ஒவ்வொரு சுற்றும் தளர்வாக இருந்தால் மீன் இழுக்கும்போது கைடு அசைந்து, மேலே பூசிய எபாக்சிப் பிசினில் கீறல் விடும். அளவுக்கு மீறி இறுகினாலோ, சரியாக அராவாத கைடு காலின் கூரான விளிம்பு கார்பன் பிளாங்கை ஒரே இடத்தில் அழுத்தி, பின்னொரு நாள் பெரிய மீன் வளைக்கும்போது அங்கேயே முறிய வழி செய்யும். சுற்றி முடித்தபின் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் கைடு மயிரிழை அளவு நகர்ந்து கொடுக்க வேண்டும். எல்லாக் கைடுகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது அந்த மயிரிழையை வைத்துத்தான்.

இந்த இடத்தில் பழைய கருவிக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இவ்வகைச் சட்டங்கள் மூங்கில் ராடுகளும் பட்டு நூலும் புழங்கிய காலத்து அமைப்பு. நைலானை டூபான்ட் நிறுவனம் அறிவித்ததே 1938இல்தான். கார்பன் ராடுகள் கடைக்கு வந்தது 1970களில். பட்டைக் காட்டிலும் நைலான் அதிகம் நீளும், இழுபட்டு நீண்ட அந்த நூல் சுற்றிய பிறகும் சுருங்கி இறுகிக்கொண்டே இருக்கும். இதை எண்ணிப் பார்க்காமல், சட்டத்தில் முன்னவர் வைத்திருந்த இறுக்கத்திலேயே என் முதல் ராடைச் சுற்றினேன். எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவா பிடிப்பதற்கான ஏழடி ராடு அது. ஆறு கைடும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. ஒன்றுகூட நேர்கோட்டுக்கு வரவில்லை. பிளேடால் அறுத்து எடுத்து மறுபடி சுற்றினேன்.

இறுக்கத்தைத் தளர்த்தப் போனால், நூலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் துருவேறி, திருகாணி எந்த நிலையில் இருந்தாலும் ஒரே முரட்டுப் பிடியாகப் பிடித்தது. கழற்றி எடுத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். எம்.சி. ரோட்டுத் துணி வியாபாரத்தை ஒட்டி அங்கே தையல் மிஷின் பழுது பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு முறை பார்த்தார். "இது நம்ம டைலர் மிஷின் டென்ஷன்தான் தம்பி, ஸ்பிரிங்குதான் செத்துப்போச்சு" என்றார். "இதுக்குப் பொருந்துற ஸ்பிரிங் கிடைக்குமா பாய்?" என்று கேட்டு முடிப்பதற்குள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து விரலால் கிளறி, ஒரு கூம்பு ஸ்பிரிங்கையும் இரண்டு டென்ஷன் தட்டுகளையும் எடுத்து மாட்டி, நூலை இடையில் விட்டு இழுத்துக் காட்டினார். செலவு 60 ரூபாய். அன்று முதல் இன்றுவரை அந்தப் பாகத்தில் கை வைக்க வேண்டி வரவில்லை. வந்தாலும் நடந்து போகும் தூரத்தில் மாற்றுப் பாகம் இருக்கிறது. இரண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு திருகாணி என்ற அந்த ஏற்பாடு, நம் வீடுகளில் உள்ள மிதி மிஷினில் இருப்பதேதான்.

மோட்டார் கருவியிலும் நூல் இறுக்கத்துக்கு இதே தத்துவம்தான். ஆனால் என்னிடம் இருந்ததில் தட்டும் உறையும் பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக இருந்ததால், தேய்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன், பெடல்தான் பொறுமையைச் சோதித்தது. என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் இரண்டாம் மழைக்காலத்துக்குள் பெடலின் செப்புத் தொடுமுனைகள் பச்சை பூத்துவிட்டன. அதன் பிறகு மெல்ல மிதித்தால் அசையாது, சற்று அழுத்தினால் திமிறிக்கொண்டு ஓடும். நூல் பிளாங்கிலிருந்து கைடு காலின் மேல் ஏறும் அந்த ஒரு படிதான் முழு வேலையிலும் நிதானம் தேவைப்படும் இடம். சரியாக அங்கே கருவி ஒரு துள்ளு துள்ளி, ஒன்பது பத்துச் சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிடும். விற்றவரிடம் கேட்டால் முழுக் கருவியையும் அனுப்பச் சொன்னார். மூன்று மாதம் கழித்து அது அதே பச்சையோடு திரும்பி வந்தது.

வெளிநாட்டிலிருந்து பழைய மோட்டார் கருவியை வரவழைக்க நினைப்பவர்கள், அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், ஆனால் நம் 50 ஹெர்ட்ஸை அது மாற்றாது. எபாக்சி காயும்வரை ராடை மெல்லச் சுழற்றும், ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் அமையும் சின்க்ரனஸ் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அங்கே நிமிடத்துக்கு 18 சுற்று என்றால் இங்கே 15. உலர்த்துவதற்கு அது போதும். சொல்லப்போனால் கைச்சட்டம் வைத்திருப்பவரும் உலர்த்துவதற்கு இப்படியொரு சிறு மோட்டாரைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது; எபாக்சி வழியாமல் இருக்க மணிக்கணக்கில் விரலால் உருட்டிக்கொண்டிருக்க யாராலும் ஆகாது.

உப்புக் காற்று கைச்சட்டத்தையும் விட்டுவைப்பதில்லை. முன்புறக் கம்பி துருப்பிடித்தால் நூல் தாங்கி திக்கித் திக்கி நகரும். நான் வேலை முடிந்ததும் மிஷின் எண்ணெய் தடவி வைத்து, அடுத்த முறை தொடங்கும் முன் ஸ்பிரிட்டால் சுத்தமாகத் துடைத்துவிடுகிறேன். துடைக்க மறந்தால் எண்ணெய் பட்ட நூலில் எபாக்சி பரவாமல் குழிகுழியாக விலகி நிற்கும். தாங்கிகளின் பிளவிலும் வெறும் உலோகம் கார்பனைக் கீறும் என்பதால் தடித்த கம்பளித் துணியை ஒட்டியிருக்கிறேன்.

அட்டைப்பெட்டியில் இரண்டு வெட்டு வெட்டி, நூல்கண்டைக் கோப்பையில் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே விட்டு இழுக்கும் முறையும் உண்டு. என் முதல் இரண்டு பழுதுவேலைகள் அப்படி முடிந்தவைதான். ஆண்டுக்கு ஒரு கைடு மாற்றுபவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நான் இதுவரை முழுதாகக் கட்டியவை பதினான்கு ராடுகள். எல்லாமே மெல்லிய நூலில், ஒற்றை நிறத்தில், கரையிலிருந்து வீசும் ராடுகள். படகில் கனமான மீனுக்குப் பயன்படுத்தும் ராடுகளில், தடித்த டி அளவு நூலில் கைடுக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று என இரட்டைச் சுற்று சுற்றுபவருக்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று என்று கூலிக்குக் கட்டித் தருபவருக்கும் மோட்டார்தான் கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது. ராயபுரத்தில் அப்படிச் செய்யும் நண்பர் ஒருவர், பெடலைப் பாலித்தீன் பையில் கட்டி அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறார்.

பழைய சாமான் கடையில் இப்படியொரு கைச்சட்டம் கண்ணில் பட்டால் மரம் வெளுத்திருப்பதையோ பெயர்த்தகடு இல்லாததையோ பார்த்துத் தயங்க வேண்டாம். டென்ஷன் தட்டுகளைப் பிரித்து உட்புறத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நூல் ஓடி ஓடி வாய்க்கால் விழுந்திருந்தால் நகம் சிக்கும், அந்த இடத்தில் நைலான் இழை பிசிறும். அதற்காகவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தட்டு வண்ணாரப்பேட்டையில் கிடைக்கிறது. கம்பி வளைந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள். நானும் இரண்டு பட்டறைகளில் கொடுத்துப் பார்த்துவிட்டேன், நூல் தாங்கி தடையில்லாமல் ஓடும் அளவுக்கு அதை நிமிர்த்தித் தந்தவர் யாருமில்லை.