அந்தக் கடை கைமாறிய பிறகு

2019இல், பாலியல் சாமான்கள் விற்கும் அந்தக் கடைக்கு முதல் தடவை போனபோது வாசலைத் தாண்டி நடந்துவிட்டேன். மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன். சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய கடைத்தொகுதி, மூன்றாம் மாடி. ஒரு பக்கம் தையல்கடை, மறுபக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, நடுவில் பாத்திக் துணியைத் திரையாகத் தொங்கவிட்ட கண்ணாடிக் கதவு. என் பையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இருந்தன. மூன்றாவது தடவை ஒரு அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க, ஏசி ஓடுது" என்றார். தமிழில் கூப்பிட்டதால்தான் உள்ளே போனேன்.

அடல்ட் கடை என்றால் சிவப்பு விளக்கும் முகம் கொடுக்காத ஆட்களும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே இரண்டு முக்காலி, ஒரு ஃபிளாஸ்க், அலமாரியில் வரிசையாக அடுக்கிய சாமான்கள். பாத்திரக்கடைக்குள் வந்ததுபோல இருந்தது. அந்த அம்மா முன்பு தாதியாக வேலை பார்த்தவர். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே.

அப்போது எனக்கு 49 வயது. மாதவிடாய் நிற்கும் காலம். கணவரோடு சேர்வது இரண்டு வருடமாக வலியாக மாறியிருந்தது. அவரிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்தவர்களிடமும் சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை தெரியாது. ஆங்கிலத்தில் தெரியும், வாயில் வராது. அக்கா என்னைச் சொல்ல வைக்கவில்லை, அவரே கேட்டார். "காய்ஞ்சு போகுதா? எரியுதா? ரத்தம் படுதா?" முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதுக்கு, எப்போதாவது என்றேன். "அப்போ இன்னைக்கு உங்களுக்கு நான் எதுவும் விக்க மாட்டேன். முதல்ல டாக்டரைப் பாருங்க. வறட்சிக்குப் போடுற ஜெல் எங்கயும் ஓடிப் போகாது."

பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவால் வந்த வறட்சி என்று சொல்லி ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடைக்குத் திரும்பினேன். அக்கா என் மணிக்கட்டில் மூன்று புட்டிகளிலிருந்து மூன்று சொட்டு விட்டுத் தேய்க்கச் சொன்னார். ஒன்று சீக்கிரம் காய்ந்து பிசுபிசுத்தது. ஒன்று எண்ணெய்போல நின்றது. மூன்றாவது மெதுவாக உள்ளே இறங்கியது.

அப்புறம் பாடம் நடத்தினார். ஜெல்லில் கரைந்திருக்கும் பொருளின் அளவு அதிகமானால் அது தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிற மாதிரி. அதனால்தான் சில ஜெல் போட்டதும் எரிகிறது. அந்த அளவுக்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். அது 1,200க்கு மேல் போகக்கூடாது, 380க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. பெண்ணுறுப்பின் அமிலத்தன்மை (pH) பொதுவாக 4.5ஐ ஒட்டி இருக்கும், ஜெல்லும் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளிசரின் நிறைய இருந்தால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எண்ணெய் கலந்தது லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழிய வைக்கலாம். சிலிக்கோன் ஜெல்லை சிலிக்கோன் கருவியோடு பயன்படுத்தினால் மேல்பரப்பு கெட்டுப்போகலாம். 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள புட்டி ஒன்றும் அலமாரியில் இருந்தது. எனக்கு 14 வெள்ளிப் புட்டியைத்தான் கொடுத்தார்.

வைப்ரேட்டர் வாங்க வந்தவர்களிடம், "மூக்கில வச்சுப் பாருங்க" என்பார். பிளாஸ்டிக் நெடி அடிக்கிற மலிவு ரப்பரில் மென்மைக்காகத் தாலேட் என்ற இரசாயனம் சேர்ப்பதுண்டு, அந்த ரப்பரின் நுண்துளைகளில் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நல்ல சிலிக்கோன் மணக்காது, மோட்டார் இல்லாததாக இருந்தால் கொதிக்கும் நீரிலேயே போடலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்தவர்களுக்கு, உள்ளே ஒட்டிச் சுருங்காமல் இருக்க டைலேட்டர் என்ற உருளையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அதையும் வைத்திருந்தார். ஒருநாள் அதை வாங்க வந்த ஒரு சீன அம்மாவோடு முக்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே காத்திருந்தேன். எனக்கு அது பெருமையாக இருந்தது.

குட் வைப்ரேஷன்ஸ் கடையைப் பற்றியும் அவர்தான் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் ஜோனி பிளாங்க் என்ற பாலியல் சிகிச்சையாளர் 1977இல் தொடங்கியது. பெண்கள் கூச்சமில்லாமல் வந்து கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே தொடங்கினாராம். பழங்கால வைப்ரேட்டர்களைச் சேர்த்துக் கண்காட்சியாகவும் வைத்திருந்தார். 1992இல் அது ஊழியர்களே உரிமையாளர்களாக நடத்தும் கூட்டுறவாக மாறியது. 2007இல் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கைமாறியது. இதை அக்கா சொன்னது, தன் கடையை விற்கப்போவதாக என்னிடம் தெரிவித்த அதே நாளில். வாடகை, முழங்கால் வலி, பிள்ளைகள் வெளிநாட்டில். எழுபதை நெருங்குகிறவர் இன்னும் எத்தனை வருடம் நின்றுகொண்டிருப்பார்? அவர் விற்றதில் எனக்குக் குறையே இல்லை.

சரி, புதுக் கடைக்கு வருகிறேன். பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் வாங்கியிருக்கிறது. பழைய பெயரே பலகையில் இருக்கிறது. அதே கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு வந்து இரண்டு கடைகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி தாராளமாக உள்ளே போகும். இரவு பத்து வரை திறந்திருக்கிறது. இணையத்தில் வாங்கினால் எழுத்தே இல்லாத பெட்டியில் வீட்டுக்கு வருகிறது, கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. இவற்றையெல்லாம் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் திரை போய்விட்டது. வெளியே நடப்பவர்களுக்கு உள்ளே நிற்பவர் முழுதாகத் தெரிகிறார். முக்காலியும் இல்லை. சொட்டு விட்டுப் பார்க்கும் புட்டிகள் இல்லை, எல்லாம் முத்திரையிட்டவை. நான் வாங்கிவந்த ஜெல் இப்போது 22 வெள்ளி, அதுவும் கீழ்த்தட்டில். கண்ணுக்கு நேராக இருப்பது நிறுவனத்தின் சொந்த ஜெல், சூடேற்றுவது, குளிரூட்டுவது, ஸ்ட்ராபெரி. ஆஸ்மோலாலிட்டி எவ்வளவு என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் டேப்லெட்டில் தேடிவிட்டு, "அது லிஸ்ட்ல இல்ல ஆன்ட்டி" என்றாள். மரியாதையான பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கலாம். பயிற்சி இரண்டு நாள்தான், அதிலும் பாதி கல்லாவுக்கும் உறுப்பினர் புள்ளிகளுக்கும் என்று அவளே சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது இன்னொரு விஷயத்துக்கு. என்னோடு வேலை பார்க்கும் 47 வயதுத் தோழி ஒருத்திக்கு என்னைப்போலவே வலி. பழைய நினைப்பில் நான்தான் அந்தக் கடையைச் சொன்னேன். அவள் தனியாகப் போயிருக்கிறாள். வலிக்கிறது என்று சொல்லியும் இருக்கிறாள். மூன்று புட்டி சேர்ந்த தொகுப்பு 68 வெள்ளிக்குக் கொடுத்து, உறுப்பினராகவும் சேர்த்துவிட்டார்கள். போட்டதும் எரிச்சல். வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் புட்டியைக் காட்டினாள். தண்ணீருக்கு அடுத்த இரண்டு பெயர்கள் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல். புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரத்தம் படுகிறதா என்று மெதுவாகக் கேட்டேன். "ஆமாம், ஆறு மாசமா." கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கருப்பைவாயில் சிறிய பாலிப், அதாவது சதை வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள், நலமாக இருக்கிறாள்.

கடை மருத்துவமனையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் வைத்தியம் பார்த்ததில்லை. விற்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார், அரை நிமிடம்கூட ஆகாது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் கல்லாவில் வந்து நிற்பதற்கு எத்தனை வருடம் எடுத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாய்ப்பைப் புள்ளிகளுக்கும் தொகுப்புக்கும் செலவழிக்கக் கூடாது.

வேண்டிய பொருளின் பெயரும் உட்பொருளும் தெரிந்தவர்கள் இங்கே தாராளமாக வாங்கலாம். சிலிக்கோன் சாமான்கள் தரமானவை, டைலேட்டர் இன்னமும் வைத்திருக்கிறார்கள். வலி, எரிச்சல், ரத்தம் என்று இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், அப்புறம் கடைக்கு.

போன வாரம் அந்த மூன்று கேள்விகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"நான் கேட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா ஆன்ட்டி?"

"மெதுவா கேளும்மா. சொல்லிடுவாங்க."

தாளை மடித்துத் தன் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.