185ஐ கழட்டிட்டு 195 போட்டேன்: எட்டு மாசத்துக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

டயர் மாத்தின மறுநாளே ரிவ்யூ எழுதுறவங்கள நான் நம்புறதில்ல. தேஞ்சு, கல்லு மாதிரி இறுகிப்போன பழைய டயர கழட்டிட்டு புதுசு எந்த சைஸ்ல போட்டாலும் வண்டி பஞ்சு மாதிரி போற மாதிரிதான் இருக்கும், அது சைஸ் குடுத்த சுகமா இல்ல புதுசு குடுத்த சுகமான்னு அன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் 9000 கிலோமீட்டர் ஓட்டிட்டு இப்ப எழுதுறேன். பிராண்டு பேரு வேணும்னே சொல்லல, இது சைஸுக்கான ரிவ்யூ.

என் வண்டில கம்பெனி குடுத்தது 185/65 ஆர்15 88எச், அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், சைடு உயரம் அதுல 65 சதவீதம், 15 இன்ச் ரிம், 88 தாங்குற எடைக்கான நம்பர், எச் வேகத்துக்கான எழுத்து. ரிம் 5.5ஜே ஸ்டீல், அதாவது 5.5 இன்ச் அகலம். ஹேட்ச்பேக்தான், ஆளு நாலு பேர் ஏறினா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் அடிய ஒரு தட்டு தட்டும். கொஞ்சம் உசரம் கிடைச்சா போதும்னுதான் ஆரம்பிச்சேன்.

கடைல பையன் எடுத்த எடுப்புல 205/65 போடுங்க சார், எல்லாரும் இதான் போடுறாங்கன்னான். நானும் மண்டைய ஆட்டிட்டேன். முன்னாடி ரெண்டும் மாட்டி கீழ இறக்கினதும் உள்ள உக்காந்து ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு பாத்தேன், ஒரு சத்தமும் இல்ல, பாத்தீங்களா சார்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ரிவர்ஸ் எடுத்து வாசல் மேட்டுல ஒரு சக்கரத்த ஏத்திகிட்டே ஒடிச்சேன், உள்பக்க பிளாஸ்டிக்ல கரகரன்னு உரசுச்சு. சமதளத்துல நிக்கிறப்ப சஸ்பென்ஷன் அமுங்காது, அதனால இடம் இருக்குற மாதிரியே தெரியும், ஆளு ஏறி பள்ளத்துல இறங்குறப்பதான் உண்மை தெரியும். அப்படி உரசிகிட்டே ஓட்டினா டயர் சைடு காலி. கொஞ்ச நாள்ல தேஞ்சு சரியாயிடும் சார்னு வேற சொன்னான். எது தேஞ்சு? டயரா பிளாஸ்டிக்கான்னு கேட்டேன், பதில் இல்ல. கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு, கடைசில மாத்தி 195/65 ஆர்15 91எச் போட்டு குடுத்தாங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள், கடைக்கு போறதுக்கு முன்னாடியே போட்டு பாத்திருக்கணும், தப்பு என்னோடது. அகலத்துல 65 சதவீதம் எடுத்தா சைடு உயரம், அத ரெண்டால பெருக்கி கூட ரிம் சைஸ், அதாவது 15 இன்ச்சுக்கு 381 மில்லிமீட்டர் கூட்டணும். 185க்கு மொத்த உயரம் 621.5, 195க்கு 634.5, 205க்கு 647.5 மில்லிமீட்டர். அதாவது 195 ரெண்டு சதவீதம் பெருசு, 205 நாலுக்கும் மேல. பொதுவா மூணு சதவீதத்த தாண்டாதீங்கன்னு சொல்றது சும்மா இல்ல.

இன்னொன்னு, வண்டி உசந்தது 13 மில்லிமீட்டர் இல்ல, அதுல பாதி, வெறும் 6.5. ஒரு சுண்டுவிரல் தடிமன் கூட கிடையாது. ஆனா அடி தட்டுறது குறைஞ்சிருக்கு, நாலு பேரோட போனா ரொம்ப மோசமான ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் இப்பவும் தட்டுது. உசரத்துக்காக மட்டும் மாத்துறீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க.

எனக்கு நிஜமா பிடிச்சது பள்ளம் மேடு. சைடு உயரம் 120லேந்து 127 கிட்ட வந்துருச்சு, அந்த கூடுதல் ரப்பரும் காத்தும் சின்னச் சின்ன குழிய முழுங்கிடுது. புதுசோட மெதுமை போயிருக்க வேண்டிய இந்த எட்டாவது மாசத்துலயும் அது இருக்கு, அதனால இத சைஸ் கணக்குல தைரியமா எழுதலாம். ஈர ரோட்டு பிரேக்கிங் நல்லா இருக்கு, ஆனா அது புது டயரோட பட்டன் (தரைய தொடுற பக்கத்துல இருக்குற வெட்டு) ஆழத்தால, 195ஆல இல்ல. சொல்லப்போனா தண்ணி தேங்கின ரோட்ல வேகமா போனா அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

இப்ப நஷ்டம். பிக்கப் லேசா மந்தம், ரெண்டாவது கியர்ல ஏத்தம் ஏறுறப்ப தெரியும், சக்கரம் பெருசாகி வெயிட்டும் கூடினா அப்படித்தான். ஸ்டீரிங் நின்ன இடத்துல திருப்ப கொஞ்சம் கனம். மைலேஜ் 18 காட்டிட்டு இருந்தது 17க்கு வந்துச்சு, மொதல்ல பதறிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, சக்கரம் பெருசானதால கிலோமீட்டர் எண்ணுற மீட்டர் நிஜமா ஓடுன தூரத்த விட ரெண்டு சதவீதம் கம்மியா காட்டும், அத சேத்தா 17.3 கிட்ட. குறைஞ்சதுல மூணுல ஒரு பங்கு மீட்டரோட பொய்.

ஸ்பீடோமீட்டர் விஷயத்துல பயமே வேணாம், இந்த சைஸ் வரைக்கும். முன்னாடி 100 காட்டுறப்ப ஜிபிஎஸ்ல 95, இப்ப 97. வேகம் காட்டுற மீட்டர் பொதுவா கூட்டித்தான் காட்டும், குறைச்சு காட்டக்கூடாதுன்னுதான் பல நாட்டுல விதியே. மொத்தத்துல என் மீட்டர் முன்ன விட யோக்கியமா ஆயிடுச்சு.

மாத்துறவங்க ரிம்ம பாத்துக்குங்க. 195/65க்கு 5.5லேந்து 7 இன்ச் வரைக்கும் ரிம் ஓகே, என்னோடது அந்த வரம்போட கீழ் ஓரத்துல நிக்குது, 5 இன்ச் ரிம் வச்சிருக்கவங்க இத தொடவே வேணாம். லோடு இண்டெக்ஸ் கம்பெனி குடுத்தத விட குறையக்கூடாது, 88ன்னா ஒரு டயருக்கு 560 கிலோ, 91ன்னா 615. டயர் சைடுல இருக்குற தயாரிப்பு தேதியோட நாலு நம்பர்ல மொத ரெண்டும் எந்த வாரம்னும், அடுத்த ரெண்டும் எந்த வருஷம்னும் சொல்லும், எனக்கு குடுத்ததுல ஒன்னு மட்டும் ஒன்றரை வருஷம் பழசு, கேட்டதும் பேசாம மாத்திட்டாங்க. அலைன்மென்ட் கேக்காமலே பண்ணாங்க, அதுக்கு பாராட்டு. காத்து 36 பிஎஸ்ஐ வச்சு பாத்தேன், குதிக்குது, கதவுல ஒட்டியிருக்குற 33க்கே திரும்பிட்டேன்.

ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய 185தான். பஞ்சர் ஆனா பின்னாடி மாட்டி மெதுவா ஓட்டி பஞ்சர் கடை வரைக்கும் போறதுக்கு மட்டும்னு முடிவு, முன்பக்கம் பஞ்சர் ஆனா பின்னாடி இருக்குறத முன்னாடி போட்டுட்டு ஸ்டெப்னிய பின்னாடி மாட்டணும், ஏன்னா என் வண்டி முன்சக்கர டிரைவ், ரெண்டு பக்கமும் வேற வேற சைஸ் சுத்துனா டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) சும்மா சும்மா வேலை செய்யும். அடுத்த செட் மாத்துறப்ப அஞ்சாவதையும் சேத்து வாங்கிடுவேன். 195 தான், 205 பக்கம் தலை வச்சு படுக்க மாட்டேன்.